ஆத்துப் பாலத்தில் யாரும் போவதில்லையாம்

யோகேஸ்வரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தாமான் முழுக்கப் பெயர். வாங்கிய பெயர் வாங்கியதாகவே இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் அவளுக்கு வந்த கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. கல்லாய் உட்கார்ந்திருக்கிற சாமிக்கே வந்திருக்கும்.

கெடா மாநிலத்தில் பாடாங் செராய்க்கு வெளியே பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துச் செம்பனை போட்டபோது, தொழிலாளர் லயத்தில் இருந்த சனங்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள்தான் அந்தத் தாமான். ஆண்கள் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு சுங்கைப் பட்டாணி, பட்டர்வொர்த் என்று வேலைக்குப் போய்விடுவார்கள். பெண்களில் பாதிப் பேருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அவர்களுக்குச் சைக்கிள்தான். வீட்டுக்குப் பின்னால் செம்பனைக்குள் புகுந்து, ஒரு காலத்தில் ரப்பர் பால் வண்டி ஓடிய குறுகலான இரும்புப் பாலத்தைத் தாண்டினால் தொழிற்சாலையின் பின்வாசல் வந்துவிடும். பேசிக்கொண்டே மிதித்தால் தூரமே தெரியாது. கார் கிடையாது, லோரி கிடையாது. எதிரே வந்தால் ஓர் உடும்பு வரும், அதுவும் இவர்கள் போடுகிற சத்தத்தில் ஓடிவிடும்.

அந்த ஆத்துப் பாலத்தை விட்டால் பெரிய ரோடுதான். மண் லோரியும் கண்டெய்னரும் இருட்டில் பேய் பிடித்ததுபோல் ஓடுகிற ரோடு. இரண்டு வருஷத்துக்கு முன் பாலத்துக்குப் பலகை மாற்றிய வாரத்தில், வேறு வழியில்லாமல் எல்லோரும் அதில் போனார்கள். புஷ்பவள்ளியை லோரி அடித்தது அப்போதுதான். அடித்தவன் நிற்கக்கூட இல்லை. புஷ்பவள்ளிக்கு இப்போது வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. வீட்டு வாசலில் உட்கார்ந்தபடி வடை சுட்டு விற்கிறாள். அன்றைக்கு அவளுக்குப் பின்னாலேயே சைக்கிளில் வந்தவள் யோகேஸ்வரி. அவளை மடியில் போட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். அதற்கப்புறம் அந்த ரோட்டைக் கண்டாலே அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

மாவட்டத்தில் சைக்கிள் பாதைத் திட்டம் வருகிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஒரு சனிக்கிழமை மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். யோகேஸ்வரி தன் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள். பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த எஞ்சினியர் ஒரு தமிழ்ப் பையன். புவனேசன் என்று பெயர், நல்ல மரியாதையான பேச்சு. திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டான். கறுப்புத் தரையில் மஞ்சள் மஞ்சளாகக் கோடுகள் மின்னின.

“இது சைக்கிள் ஓட்றவங்க வச்சிருக்கிற ஆப்ல இருந்து வர்ற மேப்பு,” என்றான். “அவங்க போற வழியெல்லாம் தானா பதிவாயிடும். ஆள் அதிகமா போகப் போகக் கோடு பளிச்சுன்னு ஆகும். எந்த வழி சைக்கிளுக்கு நல்ல வழின்னு இதைப் பாத்துத்தான் எல்லாரும் பிளான் பண்றாங்க. நாங்களும் இதைத்தான் அடிப்படையா எடுத்திருக்கோம்.”

பண்டார் பாருவுக்குப் போகிற பாதை தங்க ஒட்டியாணம் மாதிரி ஜொலித்தது. வார விடுமுறையில் வழவழத்த உடுப்பும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பறப்பார்களே, அவர்களுடைய பாதை. யோகேஸ்வரி தாமானைத் தேடினாள். கண்டுபிடித்தாள். அதற்குப் பின்னால் ஆறு வளைகிற இடத்தையும் கண்டுபிடித்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. சட்டிக் கரி மாதிரி ஒரே கறுப்பு.

“தம்பி, எங்க ஆத்துப் பாலம் எங்க?” என்று கேட்டாள்.

“அது பழைய எஸ்டேட் பாலம்க்கா. அதுல யாரும் போறதில்ல. துருப்பிடிச்சுப் போச்சு, ஆபத்து வேற. மூடிடலாம்னு பரிந்துரை பண்ணியிருக்கோம்.”

யோகேஸ்வரி எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள் என்றால் விஷயம் பெரிது என்று கூட வந்தவர்களுக்குத் தெரியும்.

“யாரும் போறதில்லையா? அப்ப நாங்கள்லாம் யாரு தம்பி? தெனம் காலையில சைக்கிள மிதிச்சுக்கிட்டு அந்தப் பாலத்துல போறோமே, நாங்க ஆளு இல்லையா?”

“அப்படிச் சொல்லலக்கா. டேட்டாவுல இல்லைன்னு சொன்னேன்.”

“நேர்ல வந்து பாத்தீங்களா?”

“பாத்தோம்க்கா. போட்டோகூட இருக்கு. ஒருத்தரும் இல்ல.”

“எந்நேரத்துக்கு வந்தீங்க?”

புவனேசன் தன் கூட வந்தவனைப் பார்த்தான். “ஒரு பத்து, பத்தரை இருக்கும்.”

“பத்து மணிக்கு நாங்க மெஷின் முன்னால நிப்போம். உங்களுக்குப் போட்டோ குடுக்கப் பாலத்துல நின்னா சூப்பர்வைசர் சும்மா விடுவாரா?”

மண்டபம் சிரித்தது. புவனேசனும் சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் யோகேஸ்வரிக்கு இன்னும் எரிச்சல். கெட்டவன் என்றால் வாயாரத் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். “ஒண்ணு செய்யுங்கக்கா,” என்றான் அவன். “ஒரு மாசம் நீங்க எல்லாரும் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே போங்க. மேப்புல கோடு விழுந்திடுச்சின்னா நானே ரிப்போர்ட்ட மாத்தி எழுதறேன்.” சொல்லிவிட்டுத் தன் போன் எண்ணையும் கொடுத்தான்.

மூச்சு விடுகிறவளிடம் மூச்சு விடுவதற்குச் சாட்சி கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு. ஆனாலும் பாலம் வேண்டுமே. ஒத்துக்கொண்டாள்.

யோகேஸ்வரியின் தம்பி ஹேமநாதன் பாடாங் செராயில் போன் கடை வைத்திருக்கிறான். விடுமுறை நாளில் அவனும் அந்தக் கறுப்புக் கண்ணாடிக் கோஷ்டியோடு சைக்கிள் ஓட்டுகிறவன். அன்று மாலையே அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, இருபது போன்களுக்குக் குறையாமல் வரிசையாக வாங்கி ஒவ்வொன்றிலும் அந்தச் செயலியைப் போட்டுக்கொடுத்தான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மருதம்மாள் வாயைத் திறக்கும் வரைக்கும்.

மருதம்மாள் அந்தக் கூட்டத்திலேயே மூத்தவள், எதிர் வீட்டுக்காரி. “ஏன்டா ஹேமா, நாங்க போறது வர்றது எல்லாம் இதுல தெரியுமா? யாரு வேணும்னாலும் பாக்கலாமா?”

“பாக்கலாம் லா ஆன்ட்டி. அதுக்குத்தானே போடுறோம்.”

“நல்லா இருக்கே கதை. எந்நேரத்துக்குக் கிளம்புறோம், எந்த இருட்டுல போறோம்னு கண்டவனும் பாக்கவா? போன வருஷம் என் கழுத்துச் சங்கிலிய அத்துட்டுப் போனானே, அவனுக்கு நாமளே வழி சொல்லிக் குடுக்கணுமா?”

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. வாசலில் நின்ற புருஷன்மார்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். பொம்பளைகள் போகிற வழி ஊருக்குத் தெரிய வேண்டாம், எடு அந்த ஆப்பை என்றார் ஒருவர். ஹேமநாதன் கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினான். இதற்கெல்லாம் வழி இருக்கிறது, ‘எனக்கு மட்டும்’ என்று ஒரு பொத்தான் உண்டு, அதை அமுக்கினால் வேறு யாருக்கும் தெரியாது என்றான். எல்லோருக்கும் மனசு ஆறியது. எல்லாப் போனிலும் அதை அமுக்கிக் கொடுத்தான். “அப்படின்னா சரிடா,” என்று யோகேஸ்வரியும் சொன்னாள்.

அந்த ஒரு மாசம் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கிளம்பும்போது போனைத் திறந்து பொத்தானை அமுக்க வேண்டும், பின்வாசலில் இறங்கியதும் மறுபடி அமுக்க வேண்டும். ஒருத்தி நிறுத்த மறந்து, அவள் கூடையில் இருந்த போன் பாசார் மலாம் இரவுச் சந்தை, கோயில், கொழுந்தியா வீடு என்று ராத்திரி வரைக்கும் பதிந்துகொண்டே போயிற்று. மழையில் நனைந்தார்கள். பிளாஸ்டிக் பையில் போனைச் சுற்றினார்கள். உடம்பு முடியாத நாளிலும் யோகேஸ்வரி விடவில்லை. கோடு மெலிந்து போகும் என்று இழுத்துக்கொண்டு போனாள். வேலை முடிந்து வந்து போனில் சின்னதாய் வளைந்து ஆற்றைத் தாண்டுகிற அன்றைய கோட்டைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு பெருமைகூட வந்தது.

மாசம் முடிந்து மறுபடியும் மண்டபம். புவனேசன் வரைபடத்தைத் திறந்தான். தாமானைப் பெரிதாக்கினான், ஆற்றைப் பெரிதாக்கினான். சட்டிக் கரி அப்படியே இருந்தது.

“ஒண்ணும் விழலையேக்கா,” என்றான். அவன் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

யோகேஸ்வரி தன் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இது என்னா தம்பி? தெனம் போன கோடு இது. உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?”

அவன் வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தயங்கினான். “அக்கா, இதை நீங்க பிரைவேட்ல போட்டிருக்கீங்க. பிரைவேட்ல போட்டா மேப்புக்கு வராது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

பின் வரிசையில் நின்ற ஹேமநாதனை யோகேஸ்வரி திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவன் அப்படியே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

“சரி, அது போகட்டும். நான்தான் நேரா காட்டுறேனே. இத்தன பேரு போன் இருக்கு. எல்லாத்தையும் பாருங்க.”

“ஒவ்வொருத்தர் போனையும் பாத்து எழுத முடியாதுக்கா. மேப்புல வந்தாத்தான் கணக்கு. ரிப்போர்ட் குடுக்கிற தேதியும் முடிஞ்சிடுச்சு.”

“அப்ப ஒரு நாள் காலையில வாங்க. வந்து கண்ணால பாருங்க. கோப்பிகூட நான் போட்டுத் தரேன்.”

“சைட் விசிட் முடிஞ்சிடுச்சேக்கா,” என்றான் புவனேசன்.

ரத்தமும் சதையுமாக முன்னால் நிற்கிறவளை நம்பாமல் திரையில் இருக்கிற கறுப்பை நம்புகிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. வெளியே வந்து தம்பியைப் பிடித்தாள். “கடையில இத்தன வருஷம் உக்காந்து என்னாடா கத்துக்கிட்ட? இது தெரியாதா ஒனக்கு?”

“நான் என்னா செய்ய? பயப்படுறீங்களேன்னு போட்டேன். நீயும்தானக்கா சரின்னு சொன்ன.”

சரி சொன்னவளும் அவள்தானே. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது? ஒரு வாரம் தம்பியோடு பேசவில்லை. மருதம்மாளோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் மருதம்மாள் சொன்னதில் என்ன தப்பு? பார்க்கக்கூடாதவன் பார்ப்பான் என்று பயந்து மறைந்தால், பார்க்க வேண்டியவனும் பார்க்காமல் போகிறான். வெளியே தெரிந்தால் சங்கிலி போகிறது, தெரியாவிட்டால் பாலம் போகிறது. ஒரு பொம்பளை வேலைக்குப் போய் வருவதற்குள் இத்தனை யோசிக்க வேண்டுமா என்று யோகேஸ்வரி அரிசி களையும்போதுகூடத் தனக்குள் பொருமினாள்.

அடுத்த மாசம் பாலத்தின் இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்குத் துத்தநாகத் தகரம் அடித்து முள்கம்பி சுற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து பெரிய ரோடு.

இருட்டில் ஒருவர் பின் ஒருவராக, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, காவாயை ஒட்டிப் போனார்கள். பேச்சு நின்றுபோயிற்று. லோரி கடக்கும்போதெல்லாம் அந்தக் காற்று சைக்கிளை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போகும். யோகேஸ்வரி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பிடித்து, மெஷினில் நிற்கும்போது விரல் மடங்காமல் தவித்தாள். ராஜினாமா செய்துவிடலாம் என்று இரண்டு பேர் பேசினார்கள். ஒருத்தி செய்தும் விட்டாள். பிறகு ஒரு நாள் முன்னால் போய்க்கொண்டிருந்த மருதம்மாள் லோரிக் காற்றில் தடுமாறிக் காவாய்க்குள் விழுந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. கை இரண்டாக முறிந்தது. அவளைத் தூக்கி உட்கார வைக்கும்போது யோகேஸ்வரிக்குப் புஷ்பவள்ளியின் ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் பார்த்த ஹேமநாதனுக்கு மனசு உறுத்தியது. இனி அந்த வழியில் யார் போகிறார்கள், எவன் பார்த்தால் என்ன என்று எல்லோர் போனையும் மறுபடி வாங்கி, அந்த ஒரு மாசத்துக் கோடுகளை எல்லாம் ‘அனைவரும் பார்க்கலாம்’ என்று மாற்றிவிட்டான். காலம் கடந்து செய்த வேலைதான். ஆனால் சில வாரத்தில் வரைபடம் அதை விழுங்கி, ஆற்றுக்குக் குறுக்கே பளபளவென்று ஒரு மஞ்சள் கோட்டைப் போட்டுவிட்டது. பாலம் தகரத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது, வரைபடமோ இதுதான் நல்ல வழி, இதில் வாருங்கள் என்று ஊரைக் கூப்பிடுகிறது. இருந்தபோது இல்லை என்றது, இல்லாதபோது இருக்கிறது என்றது. இதை நம்பித்தான் பெரிய மனுஷர்கள் திட்டம் போடுகிறார்கள்.

பினாங்கிலிருந்தும் திகாம் பத்துவிலிருந்தும் சைக்கிள் கோஷ்டிகள் அந்தக் கோட்டைப் பார்த்து வந்தன. வந்து தகரத்தில் முட்டிக்கொண்டன. விலை உயர்ந்த சைக்கிளைத் தகரத்தில் சாய்த்துவைத்துப் படம் பிடித்து, இவ்வளவு பேர் பயன்படுத்துகிற பாதையை எப்படி மூடலாம் என்று முகநூலில் பொங்கினார்கள். ஒரே வாரம். தகரம் போயிற்று, முள்கம்பி போயிற்று, பாலத்துக்குப் புதுப் பலகையும் பச்சைச் சாயமும் வந்தன.

“அக்கா, பாலம் தொறந்துட்டாங்க. நானே இன்னிக்கு அதுல போயிட்டு வந்தேன்,” என்று ஒரு சனிக்கிழமை ஹேமநாதன் மூச்சிரைக்க வந்து சொன்னான். அக்கா அவனுக்குச் சாப்பாடு போட்டாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு மருதம்மாள்கூட வாசலுக்கு வந்து சிரித்தாள்.

கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் வாரம் தொடங்குகிற நாள். விடியலில் எல்லோரும் பழையபடி செம்பனைக்குள் புகுந்தார்கள். பேச்சும் சிரிப்பும் திரும்பி வந்துவிட்டன. பாலத்துக்கு வந்து பார்த்தால் பச்சை அடித்த இரும்புக் கதவு, அதில் ஒரு பூட்டு. பக்கத்தில் பலகை. ஒருத்தி போன் வெளிச்சத்தில் அந்த மலாய் எழுத்தை வாசித்தாள். பொழுதுபோக்குச் சைக்கிளோட்டப் பாதை. திறந்திருக்கும் நாள் வெள்ளி, சனி, காலை எட்டு மணி முதல் பகல் பன்னிரண்டு வரை. தலைக்கவசம் கட்டாயம்.

யோகேஸ்வரி பூட்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். புவனேசனுக்குப் போன் அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். தூங்குகிறான் போலிருக்கிறது. தூங்கட்டும், ராசா. பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவனுக்குப் பாலம், வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டுகிறவளுக்குக் காவாய். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை இல்லை, ஆத்திரம்.

“திருப்புங்க சைக்கிள,” என்றாள்.

பெரிய ரோட்டு முனையில் எல்லோரும் வழக்கம்போல் ஓரத்தில் வரிசை கட்டினார்கள். யோகேஸ்வரி கையை நீட்டி மறித்தாள்.

“ஓரத்துல போக வேணாம். ஓரத்துலதான் புஷ்பா விழுந்தா, மருதக்கா விழுந்தாங்க. ஓரத்துல போனா எவன் கண்ணுக்கும் தெரிய மாட்டேங்குறோம். நடு ரோட்டுல வாங்க. ரெண்டு ரெண்டு பேரா, ஒட்டினாப்புல வாங்க. லைட்டப் போடுங்க.”

“லோரிக்காரன் அடிச்சிட்டான்னா?” என்றாள் ஒருத்தி.

“ஒருத்திய அடிச்சிட்டு ஓடுவான். இத்தன பேரயும் அடிப்பானா? நான் கடைசியில வரேன். அடிச்சா என்னத்தான் மொதல்ல அடிக்கணும்.”

சொல்லும்போதே உள்ளங்கை வேர்த்தது. சொன்ன பிறகு பின்வாங்க முடியாது. இறங்கினார்கள். முதல் லோரி வெளிச்சத்தை அடித்து அடித்து அணைத்தது, ஹார்னை அலறவிட்டது, பிறகு வேறு வழியில்லாமல் வேகத்தைக் குறைத்தது. எதிர்ப்பக்கத்திலும் வண்டி வந்துகொண்டிருந்ததால் அதற்கு முந்த வழியில்லை. அதன் பின்னால் இன்னொரு லோரி, அதன் பின்னால் கார்கள், பஸ். லோரி முகப்பின் சூடு யோகேஸ்வரியின் முதுகில் பட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாவகாசமாக, வழக்கமான மிதியில், ரோட்டின் நட்ட நடுவில் மிதித்தாள். பொழுது விடிந்துகொண்டு வந்தது.

தொழிற்சாலைச் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால் கூடையில் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தாள். புவனேசன்.

“அக்கா, சாரிக்கா, கூப்பிட்டிருந்தீங்க. இப்பத்தான் பாத்தேன். கெடா ஆபிசுல ஞாயித்துக்கிழமை மீட்டிங், அதுக்குத்தான் வந்துகிட்டு இருக்கேன். இங்க ஜாம்ல மாட்டிக்கிட்டேன். மேப்புல பாடாங் செராய் சந்திப்புல இருந்து ஒரே செவப்பா காட்டுது. ஆக்சிடெண்ட் போல.”

“ஆக்சிடெண்ட் இல்ல தம்பி,” என்றாள் யோகேஸ்வரி. “அது நாங்க.”

பின்னால் லோரி மறுபடி ஹார்ன் அடித்தது.

“இப்பத் தெரியுறோமா?”

அவன் பதில் சொல்லட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. போனைக் கூடையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து மிதித்தாள். பின்னால் அத்தனை வண்டிகளும் அவள் வேகத்துக்கே வந்துகொண்டிருந்தன.